வாளி நிறைவதற்குள் ஆறிப்போன வெந்நீர்

(பாஸ்டனுக்கு மேற்கே உள்ள ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் குளிர்காலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



என் மகள் பிறந்தது ஒரு ஜனவரி மாதம். பிரசவத்துக்கு உதவியாக அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். வந்த நான்காம் நாள் காலையில் குளியலறையிலிருந்து அவர் குரல் கேட்டது: "எய்யா, பாதி வாளி நெறயுததுக்குள்ள தண்ணி ஆறிப்போவுதே. பச்சப்புள்ளய எதுல குளுப்பாட்ட?"

நானும் என் மனைவியும் அந்த வீட்டில் இரண்டு ஆண்டுகளாக ஷவரில் குளித்துவந்தோம். ஒரு நாளும் குறை தெரிந்ததில்லை. ஆயில் கம்பெனியைக் கூப்பிட்டேன். வந்தவர் பாய்லரைச் சுற்றிப் பார்த்தார். முப்பது வருடப் பழையது, காயில் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். மாற்றினோம். அன்று பகல் முழுக்க வீட்டில் சூடு இல்லை. குழந்தையைக் கம்பளிக்குள் சுற்றி மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தோம். மறுநாள் காலை அம்மா மறுபடியும் வாளியை வைத்தார். பாதி வாளியில் தண்ணீர் ஆறியது.

பாய்லர் முன்னால் நான் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். இயந்திரப் பொறியியல் படித்தவன் என்றாலும், அதுவரை அந்தப் பெட்டியை ஒழுங்காகப் பார்த்ததில்லை. பிறகு மாலை வகுப்புகளில் சேர்ந்து, ஆயில் பர்னர் வேலைக்கான சான்றிதழும் வாங்கினேன். வெந்நீர் வரவில்லை என்று நம்மவர்கள் அழைத்த வீடுகளில் நான் பார்த்துவந்ததைத்தான் இன்று சொல்லப்போகிறேன். காயில் மேல் பழி விழுவது முதலில். காயில்தான் குற்றவாளி என்று உறுதியாவது, மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு. இந்த வரிசையை மாற்றிக்கொண்டதால் வீணாய்ப் போன பணமும் குளிரில் கழிந்த நாட்களும் நம் குடும்பங்களில் நிறைய.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் செப்புப் பாய்லர் இருக்கும். நடுவில் ஒரு குழாய், அதில் கரியோ தேங்காய்ச் சிரட்டையோ எரியும், சுற்றிலும் தண்ணீர் சூடாகி நிற்கும். திருகைத் திறந்தால் அந்தத் தண்ணீர்தான் வாளிக்கு வரும். இங்கே பேஸ்மென்டில் இருப்பது அப்படி அல்ல. வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து கேலன் தண்ணீர் இருக்கிறது. அது வீட்டைச் சூடாக்க ரேடியேட்டர்களுக்குள் சுற்றிவரும் தண்ணீர். வருடக்கணக்கில் அதே தண்ணீர், கறுத்துப்போய் இரும்பு வாடை அடிக்கும். அதற்குள் ஒரு செப்புச் சுருள் முங்கிக் கிடக்கிறது. அதுதான் காயில். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வரும் நல்ல தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, சுருள் முழுக்க ஓடி, மறுமுனையில் சூடாக வெளியே வருகிறது. இரண்டு தண்ணீரும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் செப்புச் சுவர் மட்டும். பாய்லரின் பக்கவாட்டில் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு தகடு, சுற்றிலும் போல்ட், அதிலிருந்து இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் உங்கள் வீட்டிலும் இதுதான்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் ஆயிலால் சூடாகின்றன. அவற்றில் ஐந்தில் நான்கு வீடுகள் நாம் வாழும் இந்த வடகிழக்கு மாநிலங்களில் இருக்கின்றன. அதனால்தான் டெக்சாஸில் இருக்கும் உறவினரிடம் இதைப் பற்றிப் பேசினால் அவருக்குப் புரிவதில்லை. அங்கே தனியாக ஒரு தொட்டி நின்று தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. இங்கே தேக்கமே கிடையாது. நீங்கள் குழாயைத் திறக்கும் அந்த நிமிடத்தில் ஓடும் தண்ணீர், அந்த நிமிடத்திலேயே சூடாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி அம்மாவின் வாளிக்கு வருகிறேன். நான் சொல்லும் வெப்ப அளவெல்லாம் பாரன்ஹீட். ஒரு கேலன் தண்ணீரின் எடை 8.33 பவுண்டு. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு பி.டி.யூ. வெப்பம் வேண்டும். ஆக, நிமிடத்துக்கு ஒரு கேலன் வீதம் ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 500 பி.டி.யூ. ஜனவரியில் பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீர் 40 டிகிரியில் இருக்கும். அதை 110 டிகிரிக்குக் கொண்டுவர 70 டிகிரி உயர்வு. ஷவரில் நிமிடத்துக்கு 2 கேலன் ஓடினால், மணிக்கு 70,000 பி.டி.யூ. தேவை. எங்கள் பர்னரின் நாசில் மணிக்கு 0.85 கேலன் ஆயிலைத் தெளிக்கும். ஒரு கேலன் ஆயிலில் சுமார் 1,39,000 பி.டி.யூ. இருக்கிறது. புகைபோக்கி வழியே போவது போக, தண்ணீருக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 1,00,000. ஷவருக்கு அது தாராளம்.

வாளி வைக்கும்போது என்ன நடக்கிறது? ஷவர் தலையில் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் சிறு துளை உண்டு. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவில் ஒரு ஷவர் தலை நிமிடத்துக்கு இரண்டரை கேலனுக்கு மேல் விடக்கூடாது. குளியல் தொட்டியின் குழாய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அம்மா தூத்துக்குடிப் பழக்கத்தில் குழாயை முழுக்கத் திறந்து வாளியை வைத்தார். ஐந்து கேலன் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தது. அந்த வேகத்துக்கு மணிக்கு 1,75,000 பி.டி.யூ. வேண்டும். பர்னரிடம் அதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்தான் இருக்கிறது. அதோடு, சுருளுக்குள் தண்ணீர் தங்கும் நேரமும் குறைந்துவிடுகிறது, சூட்டை வாங்கிக்கொள்ள அவகாசம் இல்லை. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். முழுக்கத் திறந்தபோது 95 டிகிரியை ஒட்டி வந்தது, அதுவும் இறங்கிக்கொண்டே போனது. பாதிக்கும் குறைவாகத் திறந்து, வாளி நிறைய இரண்டரை நிமிடம் எடுத்தபோது 120-க்கு மேல் வந்தது. புதுக் காயிலும் பழைய காயிலும் இதில் ஒன்றுதான்.

கழற்றிய பழைய காயிலை அந்த டெக்னீசியன் எங்கள் கராஜிலேயே விட்டுப் போயிருந்தார். பிறகு ஒரு நாள் அதை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே செம்பு பளபளவென்று இருந்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது நான் எனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான். குறைவது ஓட்டமா, சூடா? இன்றும் எந்த வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். தொட்டிக் குழாயில் பச்சைத் தண்ணீரை மட்டும் முழுக்கத் திறந்து, வாளி நிறைய எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பாருங்கள். பிறகு வெந்நீரை மட்டும் திறந்து அதேபோல் பாருங்கள். வாஷ்பேசின் குழாயில் பார்க்க வேண்டாம், அதன் முனையில் உள்ள சல்லடை உங்களை ஏமாற்றும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிறைந்தால் ஓட்டத்தில் குறை இல்லை. பச்சைத் தண்ணீர் ஐம்பது விநாடியில் நிறைந்து, வெந்நீருக்கு மூன்று நிமிடம் ஆனால், வெந்நீர் வரும் வழியில் எங்கோ அடைப்பு.

அடைப்பு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்பு. நம் வீடுகளில் "உப்பு படிஞ்சிருக்கு" என்று சொல்வோமே, அதே வெள்ளைப் பொருக்கு. ஆனால் அது சாப்பாட்டு உப்பு அல்ல. சாப்பாட்டு உப்பும் சர்க்கரையும் சூடான தண்ணீரில் அதிகம் கரையும். சுண்ணாம்பு அதற்கு நேர் எதிர். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டையாக்சைடு பிரிந்து போகிறது, கால்சியம் கார்பனேட் வெளியே வந்து படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கே படிகிறது. காயிலுக்கு வெளியே 160, 180 டிகிரித் தண்ணீர் நிற்கிறது. சுண்ணாம்பு படிய அதைவிட நல்ல இடம் வீட்டில் வேறு இல்லை. படிந்த ஏடு வழியையும் குறுக்குகிறது, சூடு ஊடுருவுவதையும் தடுக்கிறது. ஆகவே அடைபட்ட காயிலில் ஓட்டமும் சூடும் சேர்ந்தே குறையும்.

இதில் நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது முக்கியம். குவாபின் நீர்த்தேக்கத்திலிருந்து பாஸ்டன் பக்கம் வரும் தண்ணீர் மிக மென்மையானது. அந்தத் தண்ணீர் ஓடும் வீட்டில் காயில் அடைத்துவிட்டது என்று யாராவது முதல் பார்வையிலேயே சொன்னால், எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்க வேண்டும். மேற்கே பெர்க்‌ஷயர் மலைப்பக்கம் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அங்கேயும், சொந்தக் கிணறு வைத்திருப்பவர்கள் வீட்டிலும் கதை வேறு. எங்கள் வீட்டுக்கு வந்தது மென்மையான தண்ணீர். அதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

சுண்ணாம்பு அடைப்புக்கு மாற்றுவது ஒன்றே வழி அல்ல. அமிலம் ஓட்டிக் கரைக்கலாம். காயிலின் இரு முனையிலும் அடைப்பு வால்வும், ஹோஸ் மாட்டும் வாயும் இருந்தால், ஒரு வாளி, ஒரு சின்ன பம்பு, இரண்டு ஹோஸ் போதும். பர்னரை நிறுத்தி, பாய்லர் நன்றாக ஆறிய பிறகு, வெள்ளை வினிகரை வாளியிலிருந்து காயில் வழியாகச் சுற்றவிட வேண்டும். திரும்பி வரும் ஹோஸில் நுரையும் குமிழியுமாக வரும். கார்பன் டையாக்சைடு மறுபடியும் பிரிந்து வருவதுதான் அது. குமிழி வருவது நிற்கும்வரை, சில மணி நேரம் ஓட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரை நிறைய விட்டு அலச வேண்டும். சிட்ரிக் அமிலம், சல்ஃபாமிக் அமிலப் பொடிகள் இன்னும் வேகமாக வேலை செய்யும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வீட்டுக்காரர்கள் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் ஆவி நுரையீரலைச் சுடும், மெல்லிய செம்பையும் அரிக்கும். எந்த அமிலமானாலும் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: வயதான காயிலில் ஊசித் துளையைச் சுண்ணாம்பே அடைத்து வைத்திருக்கக்கூடும். கரைத்தால் துளை திறந்துகொள்ளும். அதனால் பழைய காயிலைச் சுத்தம் செய்வதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் ஆள் கிடைக்கும் நாளாகப் பாருங்கள்.

ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால்? இதுதான் அதிகம் வரும் புகார், இதில்தான் காயில் அதிகம் பழி சுமக்கிறது.

ஒருவரை மேலே வெந்நீர்க் குழாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பேஸ்மென்டுக்குப் போங்கள். முதலில் பாய்லரின் தெர்மாமீட்டரைப் பாருங்கள். 110, 120 என்று காட்டினால் காயிலுக்கு இந்தக் கோளாறோடு சம்பந்தமே இல்லை. பாய்லரே ஆறிக் கிடக்கிறது. அதைச் சூடாக வைத்திருப்பது அக்வாஸ்டாட் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி. பழைய வீடுகளில் பெரும்பாலும் ஹனிவெல் எல் 8124 வகையைப் பார்க்கலாம். உள்ளே உயர் எல்லைக்கு ஒரு டயல், கீழ் எல்லைக்கு ஒரு டயல், இடைவெளிக்கு ஒரு சின்னச் சக்கரம். உயர் எல்லை 180 அல்லது 190, கீழ் எல்லை 160, இடைவெளி 25 என்று வைத்திருந்தால் எப்படி வேலை செய்யும் தெரியுமா? நிறையப் பேர் 160-க்குக் கீழே போனதும் பர்னர் எரியும் என்று நினைக்கிறார்கள். இல்லை. கீழ் எல்லையிலிருந்து 10 டிகிரி இறங்கி, 150-இல்தான் எரியத் தொடங்கும். 175-இல் நிற்கும். இடைவெளியை 10 என்று வைத்தால் 150-இல் எரிந்து 160-இலேயே நின்றுவிடும். அப்படியானால் நீங்கள் ஷவருக்குள் போகும் நேரத்தில் பாய்லரில் இருக்கும் சேமிப்பு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஒரு சின்னச் சக்கரம், காயிலே மாறியதுபோன்ற வித்தியாசத்தைக் காட்டும். அந்த மூடியைத் திறக்குமுன் பேஸ்மென்ட் படிக்கட்டின் தலைப்பில் உள்ள சிவப்புத் தகடு போட்ட சுவிட்சை அணையுங்கள். உள்ளே 120 வோல்ட் இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம், டெக்னீசியனிடம் இந்த மூன்று எண்களைப் படித்துச் சொல்லச் சொன்னாலே போதும். அந்தப் பெட்டியின் பின்னால் ஒரு உணர்குமிழ், பாய்லருக்குள் செருகிய செப்புக் கூட்டுக்குள் இருக்கிறது. அது முழுக்க உள்ளே போகாமல் பாதியில் நின்றாலும், பெட்டி தப்பான சூட்டைப் படிக்கும்.

அக்வாஸ்டாட்டுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பாய்லர் ஆறும்போது, ரேடியேட்டர்களுக்குத் தண்ணீரைச் சுற்றவிடும் சர்க்குலேட்டர் பம்பை நிறுத்திவைத்து, இருக்கிற சூட்டைக் குளியலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பிற்பாடு வீட்டில் கூடுதல் அறை கட்டியவர்கள், புதுப் பம்பை அக்வாஸ்டாட் வழியாக இணைக்காமல் நேராக மின்சாரம் கொடுத்து ஓடவிட்டிருப்பார்கள். அந்த வீடுகளில் கடுங்குளிர் நாட்களில் மட்டும், அதுவும் காலை ஆறு மணிக்கு ஹீட்டிங் ஓடத் தொடங்கும் நேரத்தில் மட்டும், தண்ணீர் ஆறும். பகலில் யார் வந்து பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கும். உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் ஆறுகிறது என்று ஒரு வாரம் காகிதத்தில் குறித்து வையுங்கள். வருபவருக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய உதவி அது.

பாய்லர் 170 காட்டுகிறது, ஆனாலும் மேலே வெதுவெதுப்பு என்றால், காயிலிலிருந்து வெளிவரும் குழாயைக் கவனமாக, துணியோடு தொடுங்கள். சுடுமென்றால் காயில் தன் வேலையைச் செய்துவிட்டது. அடுத்து மிக்சிங் வால்வு. காயிலிலிருந்து வரும் கொதிக்கும் தண்ணீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து, 120 டிகிரிக்கு இறக்கி வீட்டுக்கு அனுப்புவது அதுதான். அதற்கு முன்னால் உள்ள குழாய் சுட்டு, பின்னால் உள்ள குழாய் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் உறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு உறுப்பை மாற்ற ஆகும் செலவுக்கும் காயிலை மாற்ற ஆகும் செலவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மிக்சிங் வால்வும் சரி என்றால், யாரும் எதிர்பாராத ஒன்று பாக்கி இருக்கிறது. ஒற்றைக் கைப்பிடி ஷவர் வால்வின் உள்ளுறுப்பு தேய்ந்துபோனால், பச்சைத் தண்ணீர் அதன் வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். மாடிக் குளியலறையில் உள்ள கோளாறு, கீழே சமையலறையில் வெதுவெதுப்பாகத் தெரியும். கண்டுபிடிப்பது எளிது. காயிலுக்குப் போகும் பச்சைத் தண்ணீர் வால்வையும், மிக்சிங் வால்வுக்குப் போகும் பச்சைத் தண்ணீரையும் அடையுங்கள். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். குழாயில் மிச்சமிருந்தது சொட்டி நின்றுபோக வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ குறுக்கு வழி இருக்கிறது. சோதனை முடிந்ததும் இரண்டு வால்வையும் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தண்ணீர் போதிய சூடு இல்லை என்றதும் அக்வாஸ்டாட்டை 200-க்கு ஏற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சில பழைய வீடுகளில் மிக்சிங் வால்வே இல்லை, அல்லது கெட்டுப்போய்க் கிடக்கிறது. குழாயைத் திறந்ததும் சுருளில் தங்கி நின்ற தண்ணீர் முதல் சில விநாடி கொதித்துக்கொண்டு வரும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு இது: 150 டிகிரித் தண்ணீர் பெரியவர்கள் தோலில் 2 விநாடியில் ஆழமான தீப்புண்ணை உண்டாக்கும். 140 டிகிரியில் 6 விநாடி. 130-இல் 30 விநாடி. 120-இல்கூட 5 நிமிடம். இவை பெரியவர்களுக்கு. குழந்தையின் தோலும், நம்மிடம் வந்து தங்கும் எழுபது எண்பது வயதுப் பெற்றோரின் தோலும் அதைவிட மெல்லியவை. நம் வீடுகளில் பிள்ளை குளிப்பாட்டுவது கைச்சூடு பார்த்துத்தான். அந்தக் கையே வெந்துபோகும் சூடு இது. மிக்சிங் வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்காமல் யாரும் அந்த டயலைத் தொடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

காயில் உண்மையிலேயே ஓட்டையானால் அது வேறு முகத்தோடு வரும். வெந்நீரில் குறையே தெரியாது. பாய்லரின் ரிலீஃப் வால்வு சொட்டும். ஒரு வீட்டில் அந்த வால்வை இரண்டு முறை மாற்றினார்கள், பிறகு சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பேன்ஷன் டேங்கை மாற்றினார்கள், சொட்டுவது நிற்கவில்லை. காரணம் இதுதான். பாய்லருக்குள் அழுத்தம் குறைவு: ஆறியிருக்கும்போது சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு, சூட்டில் இருபதைச் சுற்றி. காயிலுக்குள் இருப்பது தெருக்குழாயின் அழுத்தம், 50, 60 பவுண்டு. ஊசித் துளை விழுந்தால் நல்ல தண்ணீர் பாய்லருக்குள் தள்ளிக்கொண்டு நுழையும். அழுத்தம் 30-ஐத் தொட்டதும் ரிலீஃப் வால்வு திறக்கும். அந்த வால்வு தன் கடமையைச் செய்கிறது, அதை மாற்றி என்ன பயன்? எக்ஸ்பேன்ஷன் டேங்க் கெட்டிருந்தால் முள் பர்னர் எரியும்போது ஏறி, ஆறும்போது இறங்கும். காயில் ஓட்டையானால் பாய்லர் ஆறிக் கிடந்தாலும் முள் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். பாய்லரை நிரப்பும் வால்வு கசிந்தாலும் இப்படித்தான் தெரியும். அதனால் பர்னரை நிறுத்தி, முதலில் நிரப்பும் வால்வை மூடிப் பாருங்கள். அப்போதும் ஏறினால், அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, காயிலுக்குப் போகும் தண்ணீரை மூடுங்கள். முள் அப்படியே நின்றால் துளை காயிலில்தான். நீராவி பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு முள்ளுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் உயர்வது தெரியும். இந்தக் காயிலை மாற்றத் தாமதிக்கக் கூடாது. தெருவில் குழாய் உடைந்து அழுத்தம் போய்விட்டால், அந்தக் கறுத்த தண்ணீர் அதே துளை வழியாக உங்கள் குடிதண்ணீர்ப் பக்கம் வந்துவிடும்.

காயிலின் தகட்டைச் சுற்றிக் கசிவது இன்னொரு வகை. அது கேஸ்கட். போல்ட்டுகளில் துரு வழிந்த கறை தெரியும். கோடையில் ஆயில் மிச்சம் பண்ணலாம் என்று, பல வருடம் சூடாகவே இருந்த பாய்லரை அணைத்துவிடுவோம். ஆறியதும் இரும்பு சுருங்கும், இறுகிக் காய்ந்துபோன கேஸ்கட் விட்டுக்கொடுக்கும், ஒழுகத் தொடங்கும். மிச்சம் பண்ணியதைவிட அதிகமாகச் செலவு வரும். கசிவை அப்படியே விட்டால் வார்ப்பிரும்பு அரித்து, பாய்லருக்கே கேடு. கேஸ்கட்டோ காயிலோ, எதற்காகத் தகட்டைக் கழற்றினாலும் துருப்பிடித்த போல்ட்டுகள் முறியும். முறிந்ததைத் துளைத்து எடுத்துப் புது மரை போட வேண்டிவரும். ஒருமணி நேர வேலை ஒரு நாள் வேலையாவது இதனால்தான். எங்கள் வீட்டில் அந்த ஜனவரிப் பகல் முழுக்கப் போனதும் இரண்டு முறிந்த போல்ட்டுகளால்தான். அவசரமில்லாத காயில் வேலை எதுவானாலும் மே மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

பர்னர் எரியவில்லை என்றால் அதன் மேலுள்ள சிவப்புப் பொத்தானை ஒரு முறை அழுத்தலாம். எரியாவிட்டால் மறுபடி அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எரியாத ஆயில் உள்ளே தேங்கும், பிறகு பற்றும்போது மொத்தமாகப் பற்றும். மாசசூசெட்ஸில் குழாய் வேலைக்கு உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும், பர்னரைத் தொடச் சான்றிதழ் பெற்றவர் வேண்டும். நான் சொன்ன சோதனைகளெல்லாம் அவர்களோடு சரிசமமாகப் பேசுவதற்காக.

மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால் அதே காயிலை வாங்குவதா என்று ஒரு நண்பர் நுழையும்போதே கேட்டார். பாய்லர் நல்ல நிலையில் இருந்து, வீட்டில் இரண்டு பேர் என்றால் காயிலே போதும். நாலு பேர் காலையில் வரிசையாகக் குளித்து, அவ்வப்போது பெற்றோரும் வந்து தங்கும் வீடு என்றால், பாய்லரின் சூட்டில் சூடாகும் தனித் தொட்டி ஒன்றை வைப்பதுதான் என் விருப்பம். தொட்டியில் 140 டிகிரியில் தேக்கி, மிக்சிங் வால்வில் 120-க்கு இறக்கி அனுப்பலாம். கோடை முழுக்க ஒரு வாளி வெந்நீருக்காக அத்தனை பெரிய இரும்பைச் சூடாகவே வைத்திருக்கும் நிலையும் தீரும். எங்கள் வீட்டில் அம்மா அடுத்த முறை வருவதற்குள் நாற்பது கேலன் தொட்டி ஒன்றை வைத்தேன். முழுக்கத் திறந்து இரண்டு வாளி பிடித்தார். ஆறவில்லை.

மேசையில் இரண்டு செப்புத் துண்டுகள் வைத்திருக்கிறேன். பளபளப்பாக இருப்பது எங்கள் வீட்டுக் காயிலில் அறுத்தது. மற்றது கிணற்றுத் தண்ணீர் ஓடிய ஒரு வீட்டில் எடுத்தது, அதன் நடுவில் ஒரு பென்சில்கூட நுழையாது. முன்வரிசையிலிருந்து கைமாற்றி அனுப்புகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுத்த விளிம்பு கூராக இருக்கும், பிள்ளைகள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.